புளியம்பழமும் ஓடும்: வாசகர் கேள்வி பதில்

மாசி பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தச் சாலையில் போனாலும் புளிய மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருக்கும். ஊருக்குள் நுழைந்தால் திண்ணைக்குத் திண்ணை கொட்டை தட்டும் சத்தம் கேட்கும். இந்த முறை வந்த கடிதங்களும் பெரும்பாலும் புளியைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களைப் புளிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் பக்கம் மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பொங்கல் முடிந்த கையோடு உலுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பழம் பக்குவம் என்பதை எதை வைத்துச் சொல்வது?
– வாசகர், பென்னாகரம்

ஒட்டாத உறவைப் ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்பார்களே, பக்குவம் பார்க்க அதுவே போதும். காயில் ஓடும் சதையும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். பழுக்கப் பழுக்கச் சதையில் நீர் வற்றிச் சுருங்கி ஓட்டை விட்டு விலகும். கைக்கெட்டும் கிளையில் நான்கைந்து பழத்தை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு படக்கென நொறுங்க வேண்டும். உள்ளே சதை நாரோடு முழுசாகத் தனித்து வர வேண்டும். அழுத்த மனமில்லை என்றால் ஓட்டின் மேல்தோலை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் அது இன்னும் செங்காய்தான்.

ஒரே மரத்தில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. வெயில் படும் உச்சியும் ஓரக் கிளைகளும் முந்தும், உள்கிளைகள் பிந்தும். ஆகவே 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறையாக இறக்குவதே முறை. குத்தகைக்காரர் ஒரே உலுக்கலில் முடிக்கப் பார்ப்பது ஆள்கூலியை மிச்சம் பிடிக்கத்தான். அந்த மிச்சம் களத்தில் போய்விடும். செங்காயின் ஓடு சதையோடு பிய்ந்து வரும், சதை துவர்க்கும், காயும்போது சுருங்கி எடை இறங்கும். குவியலுக்குள் நாலு கூடை செங்காய் கலந்தால் அதன் ஈரம் பக்கத்துப் பழத்துக்கும் ஏறிப் புளித்த கள் போல ஒரு வாடை கிளம்பும்.

அதற்காகச் சித்திரை வரை மரத்திலேயே விட்டுவைக்கவும் கூடாது. கோடை மழை பிடித்தால் வெடித்த ஓட்டுக்குள் தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடிக்கும், வண்டும் ஏறும். மழையில் நனைந்த மரத்தை அன்றே தொடாமல், இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு உலுக்குங்கள்.

தடியால் அடித்து இறக்கினால் மறு வருஷம் காய்ப்பு குறையும் என்கிறார்கள். உண்மையா? மரம் ஏறுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது என்ன?
– வாசகர், மத்தூர்

உண்மைதான். புளியில் பூங்கொத்து புதுத் துளிரில் வருகிறது. பழம் இறக்கும் நேரமும் மரம் துளிர்விடப் போகும் நேரமும் நெருங்கியே வருகின்றன. மூங்கில் தடியால் கண்மூடித்தனமாக அடித்தால் பழத்தோடு இளங்கொம்பும் சிதறும். வைகாசி, ஆனியில் பூக்க வேண்டிய நுனிகள் அப்படியே போய்விடும். புளி இயல்பாகவே ஒரு வருஷம் அதிகமாகவும் மறு வருஷம் குறைவாகவும் காய்க்கும் மரம். அடித்து இறக்கிவிட்டுக் குறையும்போது மரத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆள் ஏறிக் கிளையைக் காலால் மிதித்து உலுக்குவதும், எட்டாத கொத்தைத் தொரட்டியால் வளைத்து ஆட்டுவதும்தான் சரி.

ஏறுகிறவர் கவனிக்க வேண்டியவை. புளியங்கொம்பு உறுதிக்குப் பேர் போனதுதான், ஆனால் உயிருள்ள கொம்புக்குத்தான் அந்தப் பேர். மாசி, பங்குனியில் மரம் இலை கொட்டி நிற்பதால் பட்ட கொம்பும் உயிர்க்கொம்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். காலை வைக்கும் முன் பட்டையைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்புக் கயிற்றைத் தலைக்கு மேலே உள்ள, தொடைக் கனமுள்ள கிளையில் கட்ட வேண்டும். பழைய மரங்களின் பொந்துகளில் பாம்பு, தேனீ இருக்கலாம். ஏறும் முன் கீழிருந்து தட்டிப் பாருங்கள். சாலையோர மரங்களில் மின்கம்பி கிளைக்குள்ளேயே ஓடும். அங்கே இரும்பு, அலுமினியக் கோலுக்கு இடமே இல்லை. காய்ந்த மூங்கில்கூடக் கம்பிக்கு அருகே வேண்டாம்.

இன்னொன்று. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஏலம் எடுத்தவர், தன் ஆட்கள் மரம் ஏறும் முன் இதைக் கட்டிவிடலாம். ஒரு ஆளுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கும் காசு.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு வியாபாரியிடம் ஓட்டோடு புளி வாங்கி வந்து, வீட்டில் உடைத்து, கொட்டை எடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறோம். 100 கிலோ பழத்துக்கு 55 கிலோ புளி வர வேண்டும் என்கிறார். எங்களுக்கு 48, 50 தான் தேறுகிறது. குறைவதைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார். நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?
– வாசகி, அரூர்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தப்பு உங்கள் கையில் இருப்பதாகத் தெரியவில்லை. 55 என்ற கணக்கு புத்தகத்தில் உள்ளதுதான்: பழத்தில் சதை 55 பங்கு, கொட்டை 34 பங்கு, ஓடும் நாரும் 11 பங்கு என்று எழுதியிருப்பார்கள். அது பொதுக் கணக்கு. மரத்துக்கு மரம், வருஷத்துக்கு வருஷம் இது மாறும். சதைப்பற்றுக்காகத் தேர்வு செய்த பி.கே.எம்.1 ரகத்துக்கே சதை 39 சதவீதம் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். மானாவாரி நாட்டு மரத்துப் பழத்தில் 48 தேறினால் அது நல்ல சரக்கு, நல்ல வேலை.

சண்டையை வார்த்தையில் போடாமல் தராசில் போடுங்கள். மூட்டை இறங்கியதும் வியாபாரி முன்னிலையிலேயே மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து 10 கிலோ தனியாக வையுங்கள். அதை ஒருவர் உடைத்துத் தட்டி, சதை, கொட்டை, ஓடு, நார், சொத்தை என்று தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். அந்த மூட்டைக்கு அந்த விகிதம்தான் கணக்கு. உதாரணத்துக்கு 100 கிலோவில் ஓடும் நாரும் 12, கொட்டை 33, சொத்தையும் மண்ணும் 2, வெயிலில் வற்றிய ஈரம் 3 என்றால் சதை 50 தான் மிஞ்சும். ஓட்டையும் நாரையும் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் எடை போடுவதால்தான் ‘மீதி எங்கே?’ என்ற கேள்வி உங்கள் மேல் விழுகிறது. எல்லாவற்றையும் எடை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். கேள்விக்கே இடம் இருக்காது.

எடை போடும் நேரமும் முக்கியம். புளி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பனி விழுந்த காலையில் எடை போட்டு வாங்கிய பழத்தை, நல்ல வெயிலில் காய வைத்து மதியம் எடை போட்டுக் கொடுத்தால் குறையத்தான் செய்யும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே பொழுதில் நடக்கட்டும்.

உங்கள் பக்கம் சரிபார்க்க வேண்டியது ஒன்றுண்டு. எடுத்த கொட்டையில் ஒரு கிலோவை அள்ளி, ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சுரண்டி எடை போடுங்கள். 50 கிராமுக்கு மேல் வந்தால் பழம் சரியாகக் காயவில்லை, அல்லது தட்டு சரியாக விழவில்லை. பழத்தைப் படுக்கவைத்து அடித்தால் சதை நசுங்கிக் கொட்டையில் அப்பும். முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி விளிம்பில் நிறுத்தி, கொட்டை இருக்கும் மேட்டில் ஒரு தட்டு தட்டினால் சதை பிளந்து கொட்டை வெளியே வரும்.

கூலி பேசும்போது எங்கள் யோசனை: பழத்தின் அளவைப் பார்த்துப் பேசுங்கள். கிலோவுக்கு 40 பழம் நிற்கும் சரக்கும் உண்டு, 90 பழம் நிற்கும் சரக்கும் உண்டு. இரண்டாவதில் ஓடு உடைக்க, நார் உரிக்க, தட்ட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் போகிறது. இரண்டுக்கும் ஒரே கூலி வாங்கினால் பாதி நாள் உழைப்பைச் சும்மா கொடுத்ததாகத்தான் அர்த்தம். ஒரு கிலோவை எண்ணிப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

கொட்டை எடுத்து எடுத்து விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு பட்டு எரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நல்லம்பள்ளி

புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. நாள் முழுக்க அதில் ஊறும் விரல் வெடிக்காமல் என்ன செய்யும். வேலை தொடங்கும் முன் விரல்களில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இரண்டு மூன்று சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சதையில் எண்ணெய் ஏறினால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். பெருவிரல், ஆள்காட்டி விரலுக்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஈரமானால் மாற்ற வேண்டும், அதனால் நான்கைந்து ஜோடி இருக்கட்டும். இடையிடையே வெறும் தண்ணீரில் கையைக் கழுவித் துடையுங்கள். வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் வெடிப்பு இன்னும் ஆழமாகும். கழுவி, எண்ணெய் பூசி, அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டுக்காயம் இருக்கும் நாளில் தட்டாமல், ஓடு பொறுக்கும் வேலையைப் பாருங்கள். ஓடு உடைக்கும்போது எழும் தூசிக்கு மூக்கில் துணி கட்டுவது அவசியம்.

பொதுத்தேர்வு நேரமும் புளி நேரமும் ஒன்றாக வருகின்றன. கிலோ கூடுகிறது என்று படிக்கிற பிள்ளையைத் தட்டுக்கட்டையின் முன்னால் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஊரிலிருந்து அம்மா ஒரு மூட்டை புளியம்பழம் அனுப்பியிருக்கிறார். ஓட்டோடு இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எப்படி உடைத்து, எப்படி எடுத்து வைப்பது? போன வருஷம் வாங்கிய புளி ஆறு மாதத்தில் கறுத்துவிட்டது.
– வாசகி, ஓசூர்

மொட்டை மாடி இருந்தால் போதும். மொத்தத்தையும் ஒரே நாளில் தொடாமல் 10 கிலோ 10 கிலோவாகச் செய்யுங்கள்.

பழத்தைத் துணி அல்லது தார்ப்பாயில் ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு நாள் காய விடுங்கள். வெறும் தரையில் கொட்டினால் மண் ஏறும். புளியில் ஏறிய மண்ணைப் பிறகு எடுக்கவே முடியாது, ரசத்தில்தான் தெரியும். ஓடு சலசலவென்று ஆனதும் கையாலோ சின்னக் கட்டையாலோ லேசாகத் தட்டி உடைத்து ஓட்டை நீக்குங்கள். அடுத்தது நார். காம்புப் பக்கம் பிடித்து நுனியை நோக்கி இழுத்தால் கொத்தாக உரிந்து வரும்; நுனியிலிருந்து இழுத்தால் அறுந்து சதைக்குள் தங்கிவிடும். நார் உரித்ததை மறுபடி அரை நாள் வெயிலில் வைத்து, நிழலில் ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் கொட்டை எடுக்க உட்கார வேண்டும். வெயில் சூட்டோடு தட்டினால் சதை வெல்லப் பாகு போல இளகி விரலிலும் கொட்டையிலும் ஒட்டும். தண்ணீர் தெளித்தால் எளிதாக வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும்தான், ஒரு மாதத்தில் பூசணமும் சேர்ந்து வரும்.

10 கிலோ பழத்தில் உங்களுக்கு நாலரை, ஐந்து கிலோ புளி கிடைக்கலாம். 5 கிலோவுக்கு 250 முதல் 500 கிராம் வரை கல் உப்பு. ஒரு வருஷம் வைக்க வேண்டுமென்றால் 500 கிராமே போடுங்கள், குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். உப்பை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். பீங்கான் ஜாடி அல்லது பழகிய மண்பானையில் ஒரு கை உப்பு, நான்கு விரல் உயரத்துக்குப் புளி என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் அமுக்குங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது. மேலே உப்பைத் தூவித் துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதல்லவா? மேல்படலத்தை அமிலம் கரைப்பதால்தான் அப்படி. அதனால் பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் எதிலும் புளியைச் சேமிக்க வேண்டாம்.

கறுப்பது கெட்டுப்போனதாக ஆகாது. சதையிலுள்ள சர்க்கரையும் அமிலமும் மெல்ல மெல்ல வினைபுரிந்து நிறம் மாறுகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் வைப்பது இந்த நிறத்தைக் காப்பாற்றத்தான். நீங்கள் மாதத் தேவைக்கு ஒரு கிலோவை வெளியில் வைத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த மாசி வரை சிவப்பு மாறாது. அடுப்பு மேடைக்கு மேல் உள்ள அலமாரி புளி ஜாடிக்கு மிக மோசமான இடம். போன வருஷம் அங்கேதான் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள்.

புளி நம் நாட்டு மரம்தானே?
– மாணவர், ஊத்தங்கரை

தாவரவியலார் ஆப்பிரிக்காவையே அதன் பூர்வீகம் என்கிறார்கள். ஆனால் மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து வேரூன்றிவிட்டது. அரபு மொழியில் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தார்கள். அதிலிருந்துதான் ‘டேமரிண்ட்’ வந்தது.

நிலக்கடலை மூட்டைக்குப் பக்கத்தில் புளியம்பழத்தைக் குவித்திருந்தோம். இரண்டிலும் ஓட்டை விழுந்து, வெள்ளையாகக் கூடு கட்டியிருக்கிறது. எதிலிருந்து எதற்குப் போனது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

புளியிலிருந்து கடலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் தின்பது ஒரே வண்டு. புளிதான் அதன் பழைய வீடு. மரத்தில் இருக்கும்போதே பழத்தின் ஓட்டில் முட்டையை ஒட்டிவிடும். புழு ஓட்டைத் துளைத்து நேராகக் கொட்டைக்குள் போய்த் தின்று வளர்ந்து, வெளியே வந்து காகிதம் போன்ற வெள்ளைக் கூடு கட்டும். தோலோடு உள்ள கடலை பக்கத்தில் இருந்தால் அடுத்த தலைமுறைக்கு அதுவே விருந்து.

இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். துளை விழுந்த பழத்தைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதையும் விட்டுவைக்காதீர்கள். வண்டுக்கு வேண்டியது கொட்டைதான். அதனால் ஆடி மழைக்கு முன் கொட்டையை எடுத்துவிட்டால் புளி பெரும்பாலும் தப்பிக்கும். கொட்டைப்புளியாகவே ஐப்பசி வரை வைத்துப் பார்க்கலாம் என்று விலைக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கி வெயிலில் காய வைத்துப் பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து தூவும் எண்ணமே வேண்டாம். புளியைக் கழுவிச் சமைப்பதில்லை. கரைத்து அப்படியே குழம்பில் விடுகிறோம்.

ஒரு ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. உரிகம் புளி வைக்கலாமா, பி.கே.எம்.1 வைக்கலாமா? நல்ல மரத்துக் கொட்டையைப் போட்டு வளர்த்தால் போதாதா?
– வாசகர், அஞ்செட்டி

கொட்டை போட்டால் தாய் மரம் போலவே வரும் என்று சொல்ல முடியாது. புளியில் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வருகிறது. இனிப்பு மரத்தின் கொட்டையில் முளைத்தது கடும் புளிப்பாகவும் காய்க்கலாம். காய்க்க 8 முதல் 10 வருஷமும் ஆகும். ஒட்டுக்கன்று நான்காம் வருஷமே காய்ப்பைக் காட்டும்.

உரிகம் உங்கள் பக்கத்து ஊர். அங்கிருந்து பேர் பெற்ற வகை நீளமான பழமும் இனிப்புத் தூக்கலான சதையும் கொண்டது. நீளப் பழமென்றால் தட்டும் வேலையும் சுருங்கும். பி.கே.எம்.1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்தது, சீக்கிரம் காய்ப்புக்கு வரும். இரண்டையும் கலந்து வையுங்கள் என்பதே எங்கள் கருத்து. எது எப்படிப் போனாலும், ஒட்டு எடுத்த தாய் மரத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கன்று வாங்குங்கள்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று பிடிக்கும். நெருக்கி நட்டால் பதினைந்து வருஷத்தில் கிளைகள் முட்டி, வெளிச்சம் படாத பக்கம் காய்ப்பே இருக்காது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 முதல் 15 கிலோ தொழுவுரம் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் கட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை விடாமல் கிள்ளி எறியுங்கள். விட்டுவிட்டால் அது மேலே உள்ள ஒட்டை அமுக்கிவிட்டுத் தானே மரமாகிவிடும். நாலைந்து வருஷம் கழித்து ‘நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வரும் கடிதங்களில் பல இந்தத் துளிரால் வருபவை. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும். மரம் மூடும் வரை நடுவில் கேழ்வரகு, சாமை, கொள்ளு போட்டுக்கொள்ளலாம்.

தட்டி எடுத்த கொட்டையை யார் வாங்குகிறார்கள்? எதற்கு?
– வாசகி, போச்சம்பள்ளி

மேல்தோலை நீக்கி, உள்பருப்பை மாவாக அரைத்து நெசவு நூலுக்கும் சணல் இழைக்கும் கஞ்சியாகப் போடுகிறார்கள். கொட்டையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு பருப்பு. துளை விழுந்த கொட்டையும், சதை ஒட்டிய கொட்டையும் விலையைக் கீழே இழுக்கும். விற்பதற்கு முன் ஒரு படி கொட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவை உள்ளே வண்டு தின்றவை. கைப்பிடிக்கு மேல் மிதந்தால் மொத்தத்தையும் முறத்தில் புடைத்து, இலேசானதை ஒதுக்கிவிட்டு, இரண்டு நாள் காய வைத்த பிறகு மூட்டை கட்டுங்கள். தண்ணீரில் போட்டுப் பார்த்த அந்த ஒரு படியை மட்டும் மூட்டையில் திரும்பச் சேர்க்க வேண்டாம்.